இமைக்காத கண்ணும் இரண்டு கிரீஸ் டப்பாவும்: மைதிலி அம்மையாருக்கு விடைகொடுக்கும் மடல்

நாமக்கல் கொல்லிவேல் வாகனக் கருவியகத்தில் தலைமை வடிவமைப்புப் பொறியாளராய் முப்பத்தோராண்டு பணியாற்றி, இன்று எங்களுக்கு ஓய்வளித்துத் தாமும் ஓய்வு பெறும் திருமிகு மைதிலி அம்மையார் அவர்களே!

கேட்டுக் கேட்டே எங்களைக் களைக்க வைத்த கேள்விச் செல்வியே! ஒற்றைப் பொத்தானின் நிறத்துக்கு ஒன்பது ஞாயிறு பொதுக்கூட்டம் போட்ட பெருமாட்டியே! ஓட்டுநருக்கும் ஓர் ஓட்டு, கிளீனருக்கும் ஓர் ஓட்டு, ஓடாமல் ஷெட்டில் நிற்கும் லாரியின் ஓட்டுநருக்கும் ஓர் ஓட்டு என்று ஓயாது உரைத்த உறுதியின் உருவமே! உங்களுக்கு எங்கள் வணக்கம்.

இவ்விடத்தில் ‘அறிவுக் கடலே’ என்றும் எழுதியிருந்தோம். நீங்கள் பழக்கிவைத்த வழக்கப்படி மடலை ஓட்டுநர் கூட்டத்தில் படித்துக் காட்டியதுதான் நாங்கள் செய்த பிழை. மூத்த ஓட்டுநர் சுப்பையன் எழுந்தார். “கடல நானு தூத்துக்குடில லோடு எறக்கறப்பப் பாத்திருக்கறனுங்க. ஒரே உப்பு. மேடத்தப் போயி அப்பிடிச் சொல்லலாமுங்களா?” வாக்கெடுப்பில் கடல் தோற்றது. பதிலுக்கு என்ன வைப்பதென்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருப்பதால், மடலில் அந்த ஒரு வரி காலியாக உள்ளது. சுவரில் மாட்டும்போது பொறுத்தருள்க.

அம்மையீர்! ஓட்டுநரின் கண் அசந்தால் கண்டுபிடித்து எழுப்பும் கேமராப் பெட்டியை நம் கருவியகம் செய்தபோது, “ஓட்டுறவங்களக் கேட்டுட்டுச் செய்யலாமே” என்று முதல் நாளே சொன்னவர் நீங்கள் ஒருவரே. நம் ஊரில் லாரிக்குப் பாடி கட்டும் ஷெட்டில் படுக்கைப் பலகை அடிக்குமுன் ஓட்டுநரைப் படுக்கச் சொல்லி முதுகை அளக்கிறோம். தண்ணீர்க் கேன் எங்கே, துண்டு காயப்போடும் கம்பி எங்கே என்று அவர் கைகாட்டிய இடத்தில்தான் ஆணி இறங்குகிறது. பலகைக்குக் கேட்பவர்கள் பெட்டிக்கு ஏன் கேட்கவில்லை என்றீர்கள். நாங்கள் அறிவாளிகள். கேட்கவில்லை. பெட்டியை எதிர்க்கண்ணாடிக்குக் கீழே, நட்டநடுவில் பொருத்தினோம். லாரியில் அது யாருடைய இடம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், பொறியாளர்களைத் தவிர.

அது சாமி படத்தின் இடம்.

ஓட்டுநர் கந்தன் சண்டை போடவில்லை. படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார், பெட்டிக்குச் சந்தனம் தொட்டு வைத்தார், கேமராவைச் சாமி பக்கம் திருப்பி வைத்தார். நம் அலுவலகத் திரையில் அறிக்கை வந்தது: ஓட்டுநர் கந்தன், பதினோரு நாள், ஒரு முறைகூடக் கண் இமைக்கவில்லை. நிர்வாக இயக்குநர் முருகானந்தம் அவர்கள் அகமகிழ்ந்து, ஆண்டின் விழிப்புமிகு ஓட்டுநர் என்று சான்றிதழே அடிக்கச் சொல்லிவிட்டார். மனிதன் எப்படி இமைக்காமல் இருப்பான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்கக்கூடிய நீங்கள் அன்று பெங்களூரில் இருந்தீர்கள்.

சான்றிதழுக்குச் சட்டம் போட்ட அன்று, சாப்பாடு முடிந்த இரண்டு மணி வெயிலில், நாமகிரிப்பேட்டை வளைவில் கந்தன் கண் அசந்தார். லாரி சாலையை விட்டு இறங்கி, அரை ஏக்கர் மரவள்ளியைக் கிழங்கோடு பிடுங்கி, வரப்போரம் வரிசையாகப் போட்டுவிட்டு நின்றது. அத்தனை சுத்தமாக ஆள் வைத்துக்கூடப் பிடுங்க முடியாது என்று தோட்டக்காரரே சொன்னார். நம் பெட்டியும் கடைசி நொடி வரை சொன்னது: ஓட்டுநர் முழு விழிப்பில் இருக்கிறார்.

கந்தனுக்குத் தோளெலும்பு முறிந்தது. நீங்கள் மருத்துவமனைக்குப் போய், கட்டிலருகே நின்று, “எங்க தப்புங்க” என்றீர்கள். அவர் சொன்னதை உடன் வந்தவர்கள் இன்னும் மறக்கவில்லை.

“பொட்டி மேல தப்பில்லீங்க மேடம். நான் அசந்தா அது லாரி மொதலாளிக்குச் சொல்லிப்போடும். அவரு மக்யா நாளே வண்டிய வேறொருத்தங்கிட்டக் குடுத்துப்போடுவாரு. அதுதான் சாமியப் பாத்துக்கச் சொன்னனுங்க.”

அவர் மனைவி பொன்னாயி, கையிலிருந்த இட்லிப் பொட்டலத்தை வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க மேடம், தூங்குறவர எழுப்பறதுக்கு மொதலாளி எதுக்குங்க? எங்கூட்டுல நாந்தான எழுப்பறேன்?”

அன்று பிடித்தது எங்களுக்குச் சனி. சரியாகச் சொன்னால் ஞாயிறு. முப்பத்தெட்டு ஞாயிற்றுக்கிழமைகள்! ஓட்டுநரும் கிளீனரும் வீட்டுப் பெண்களும் ஷெட்டில் கூட, ஆளுக்கொரு வீல் நட்டைக் கொடுத்து, வேண்டும் என்போர் பச்சை கிரீஸ் டப்பாவிலும் வேண்டாம் என்போர் சிவப்பு கிரீஸ் டப்பாவிலும் போடலாம் என்றீர்கள். டப்பாக்களைத் திரைக்குப் பின்னால் வைத்தீர்கள். யார் எதில் போட்டார் என்று கேட்பதே குற்றம் என்றீர்கள். ஒரு வாரம் ஆட்களைவிட நட்டுகள் எட்டு கூடுதலாய் இருந்தன. வெளியே போய்ப் பார்த்தால் ஒரு லாரி ஒரு சக்கரம் குறைந்து முனகிக்கொண்டிருந்தது. தேர்தலை ரத்து செய்து, மறு ஞாயிறு மறுபடி நடத்தினீர்கள். பெட்டியின் பொத்தான் நிறத்துக்கான முதல் கூட்டத்தன்று வாசலில் நட்ட முருங்கைக் குச்சி, அத்தீர்மானம் நிறைவேறிய அன்று காய்த்திருந்தது. அந்தக் காயில் வைத்த சாம்பாரைத்தான் அன்று எல்லோரும் சாப்பிட்டோம். நம்பாதவர்கள் கேண்டீன் ஜானகியம்மாளைக் கேட்கலாம்.

பொறுமைக்குப் புகழ்பெற்றவர் நீங்கள் என்பார்கள். இல்லை அம்மையீர், பொறுத்தவர்கள் நாங்கள்! மூன்று நாளில் வரைந்து முடிக்கும் பெட்டித் திரையை முப்பது முறை அழித்து வரைந்தோம். வெயிலில் தெரியவில்லை என்றார் ஒருவர். தம் மீசை திரையை மறைக்கிறது என்றார் இன்னொருவர். நீங்களே ஆசை ஆசையாய் வரைந்த சிரிக்கும் முகப் படத்தை ஐம்பத்தெட்டு நட்டுகள் தூக்கி எறிந்தன. உங்கள் கையாலேயே அதை அழித்தீர்களே, அன்றுதான் எங்களுக்கு உங்கள் மேல் கோபம் கொஞ்சம் குறைந்தது. மறு ஞாயிறு பழையபடி ஏறிவிட்டது.

ஆயினும் பெட்டி பிறந்தது. சாமிக்கு நடு இடம், பெட்டிக்கு ஓரம். கண் அசந்தால் சங்கு ஊதாது, முதலாளிக்குத் தகவல் போகாது. வீட்டு ஆள் பதிந்து கொடுத்த குரலே பேசும். கந்தன் வண்டியில் பொன்னாயி: “ஏனுங்க, கண்ணு சொருகுது பாருங்க. ஓரங்கட்டித் தூங்குங்க சாமி.” சுப்பையன் மட்டும் முரண்டு பிடித்தார். “ஊட்டுல கேக்கறது பத்தாதுன்னு வண்டிலயும் கேக்கோணுமுங்களா?” என்று தம் எருமையின் குரலைப் பதிந்தார். இன்றும் அது கத்தியவுடன் பாதித் தூக்கத்தில் இறங்கித் தீவனம் தேடுகிறார். எப்படியோ, வண்டி நின்றுவிடுகிறது.

இனிச் சொல்வது நீங்கள் அறிந்தது. சபை அறிய வேண்டியது. இம்மாதத் தொடக்கத்தில் நம் நிர்வாக இயக்குநர், நிரல் எழுதும் சுகன்யாவிடம், “மேடம் மாசக் கடைசில போயிருவாங்க. ஒண்ணாந்தேதியிலேருந்து லாரி ஓனருக்கும் தகவல் போற மாதிரி மாத்திரும்மா” என்றார். மாற்றினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்: அத்தனை கேமராவும் மறுபடி சாமியைப் பார்க்கும், அறிக்கையில் ஒருவரும் இமைக்க மாட்டார். சுகன்யா உங்களிடம் ஓடி வந்தார். நீங்கள் சண்டைக்குப் போகவில்லை. “ஞாயித்துக்கிழமை சாரையும் கூட்டத்துக்கு வரச் சொல்லு” என்றீர்கள். அட, இதற்குமா கூட்டம் என்று தலையில் அடித்துக்கொண்டோம்.

முருகானந்தம் அவர்கள் வந்து பின்வரிசையில் அமர்ந்தார். கந்தன் எழுந்தார். “போன செவ்வாக்கெழம எருமப்பட்டிகிட்ட அசந்துட்டனுங்க சார். ஊட்டுக்காரி கூப்புட்டா. ஓரங்கட்டி முக்கா மணி நேரம் தூங்கிட்டுத்தான் வண்டிய எடுத்தேன். பொட்டி மொதலாளிக்குச் சொல்லல. நானே உங்ககிட்டச் சொல்றனுங்க. மொதலாளிகிட்டச் சொல்லி வண்டியப் புடுங்கறதுன்னா புடுங்கச் சொல்லுங்க.”

முருகானந்தம் அவர்கள் உங்களைப் பார்த்து, “எனக்கும் ஓட்டு உண்டாங்க?” என்றார்.

“உண்டுங்க சார். ஒண்ணே ஒண்ணு” என்று ஒரு நட்டை எடுத்து நீட்டினீர்கள்.

பெட்டி இப்போதிருப்பது போலவே இருக்க வேண்டும் என்ற தீர்மானத்துக்குப் பச்சையில் அறுபத்து மூன்று, சிவப்பில் ஒன்று. அந்த ஒன்று யாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்பது குற்றம் என்று சொல்லித் தந்தவர் நீங்கள். ஆனால் எண்ணி முடித்ததும், டப்பாவைக் கேட்காமல் இனி எதையும் மாற்றுவதில்லை என்ற தாளில் முதல் கையெழுத்து முருகானந்தம் அவர்களுடையது. கந்தன் மறுநாள் அதே வண்டியில்தான் சேலம் போனார்.

அன்றே இரண்டாம் தீர்மானமும் வந்தது. “எனக்கு விழா வேண்டாம், மடல் வேண்டாம், மாலையும் வேண்டாம்” என்று நீங்கள் கேட்டுக்கொண்டதை முறைப்படி டப்பாவுக்கு விட்டோம். விழா வேண்டும் என்போர் அறுபத்து மூவர். வேண்டாம் என்பவர் ஒருவர். இதில் மட்டும் அந்த ஒருவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் போட்ட சட்டம், நீங்களே தோற்றீர்கள். ஆகவே எழுந்து போகாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

நீங்கள் நீடு வாழ்க! நோயின்றி வாழ்க! இனி வரும் ஞாயிறுகளெல்லாம் உங்களுக்கே உரியன ஆகுக! வேண்டிய மட்டும் கண் இமைத்து, வேண்டிய நேரம் கண் அயர்ந்து, ஓரங்கட்ட நிழலும், எழுப்ப வீட்டுக் குரலும் என்றும் உங்களுக்கு வாய்க்கட்டும்! அந்தக் காலி வரிக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. அடுத்த ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம். உங்களுக்கும் ஓர் ஓட்டு உண்டு. நட்டு எடுத்து வைத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
அறுபத்து மூன்று வாக்குகளால் இம்மடலை நிறைவேற்றிய
ஓட்டுநர்கள், கிளீனர்கள், வீட்டார் மற்றும் களைத்துப்போன பணியாளர்கள்,
கொல்லிவேல் வாகனக் கருவியகம், நாமக்கல்.