தடுமாற்றம் என்றொரு தமிழ்ச்சொல்

அவைக்கு அணியாய், அறிவுக்கு அரணாய், என் பேச்சு நீண்டால் அடிப்பதற்கு மணியோடும் அமர்ந்திருக்கும் தலைவர் துரைக்கண்ணு அவர்களே! பட்டின் இழையும் பாட்டின் இழையும் ஒருங்கே அறிந்த காஞ்சிப் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும், அணைத்தோமா என்ற ஐயத்தோடும் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த எளியவனின் வணக்கம்.

ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறது நம் செவிலிமேட்டுத் தமிழ் மன்றம். எனக்கு முன்னால் பேசியவருக்கு ‘வீரம்’. எனக்குப் பின்னால் பேசுபவருக்கு ‘வெற்றி’. நடுவில் மாட்டிய எனக்குத் ‘தடுமாற்றம்’! செயலாளர் தனசேகரன் என் முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தாரா? அதோ, தலையை வேறு ஆட்டுகிறார்!

எளிய சொல்லா இது? கல் இடறினால் கால் தடுமாறும். கள் ஏறினால் கண் தடுமாறும். மதுவிலக்கு நாட்டில் அது எப்படி என்று கேட்காதீர்கள், என் நாக்கும் தடுமாறும்! மிதி பிசகினால் தறியில் கை தடுமாறும். கடையில் இரண்டு புடவையைச் சேர்த்து விரித்தால் தாய்மார்கள் மனம் தடுமாறும். என்னம்மா? “தடுமாறுறது பக்கத்துல நிக்கிற ஆம்பளைங்கபா” என்கிறீர்களா? ஒப்புக்கொள்கிறேன் தாயே!

காலுக்கும் அதே சொல், கருத்துக்கும் அதே சொல். ஏன்? அகராதியைப் புரட்டினேன், விடை இல்லை. செல்லியம்மாளின் கதையில் கிடைத்தது.

யார் இந்தச் செல்லியம்மாள்? சேரியில் பிறந்து, கூலி வேலைக்குப் போன பெற்றோர் படிக்கவைத்து, பிரசவம் பார்க்கும் நர்சாக வந்தவர். மூன்றாண்டுகளுக்கு முன் திருப்புட்குழிப் பக்கம் வேலை. ஊருக்கு ஊர் போக வேண்டும், பஸ் எல்லா ஊருக்கும் போகாது. சைக்கிள் கற்றுக்கொள்ளத் துணிந்தார்.

சித்திரை வெயிலில், நம் நெசவுத் தெருவில், கணவர் முனிசாமி பின்னால் பிடிக்க, ஏறினார் அம்மையார். எதிரே என்ன? தெரு நீளத்துக்கும் பாவு நூல் இழுத்துக் கட்டியிருக்கிறார் நெசவாளர் ராமலிங்கம்!

“யம்மா! பாவுல வுட்டுடாதம்மா! கல்யாணப் பொடவைமா!”

“பிரேக் எங்க கீதுன்னு தெரியலியேண்ணா!”

“ஏய் முனிசாமி, புடிபா!”

முனிசாமி எங்கே? நாலு பேர் சிரிப்பார்களே என்று எப்போதோ விட்டுவிட்டுத் திண்ணைத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்! வண்டி வலம் போனது, இடம் போனது, பாவை விட்டு விலகி, ஒரு கட்சியின் நீர்மோர்ப் பந்தலில் புகுந்தது. பானை உடைந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமின்றி அனைவரும் நனைந்தார்கள். எந்தக் கட்சிப் பந்தலா? தலைவர் மணியில் கை வைக்கிறார், மேலே போகிறேன்!

ஐப்பசி பிறந்தது. அடைமழை. திருப்புட்குழியில் பெரியநாயகி என்ற பண்ணைவீட்டு அம்மாளின் மருமகள் அலமுவுக்குக் காலையிலிருந்து இடுப்புவலி. குழந்தை இறங்கவில்லை. வீட்டு ஆண்கள் வண்டி தேடி ஓடினார்கள். சேதி பக்கத்து ஊரில் வேலையாக இருந்த செல்லியம்மாளுக்கு எட்டியது. அதே சைக்கிளில், சேற்றிலே மூன்று மைல். இரண்டு முறை விழுந்தார். மூன்று முறை எழுந்தார்! கணக்கு உதைக்கிறதா? வீட்டு வாசலில் ஒருமுறை சும்மாவே எழுந்து நின்றார் ஐயா!

அந்த வாசலில் நின்றார் பெரியநாயகி.

“நில்லும்மா. நீ... எந்தத் தெரு?”

“அத்த அப்பறம் சொல்றேன்மா. கொயந்த எப்பிடித் திரும்பிக்கினு இருக்குதுன்னு பாக்கணும். வழி வுடுங்க.”

பெரியநாயகியின் ஒரு கால் படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. தலைமுறை தலைமுறையாக யாரை நிறுத்தி வைத்த படி அது! உள்ளிருந்து அலமுவின் குரல்: “அத்தே... என்னால முடியலத்தே!”

அந்தக் குரலில் ஆடிப்போனார் பெரியநாயகி. “உள்ள வாம்மா!” என்று சேறு படிந்த அந்தக் கையைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

ஒரு மணி நேரம். கொடி கழுத்தைச் சுற்றிய குழந்தை. முதலில் அழவில்லை. செல்லியம்மாள் கொடியை விலக்கினார், துடைத்தார், தட்டினார். பிறகு அழுததே ஓர் அழுகை! பெண் குழந்தை. அவர் வெளியே வந்தபோது, வெந்நீர்ச் செம்போடு காத்திருந்தார் பெரியநாயகி. “காலக் காட்டு தாயி” என்று தன் கையாலேயே ஊற்றினார்.

அன்பர்களே! தயங்குகிறவர் இன்னும் புறப்படவில்லை. தடுமாறுகிறவர் புறப்பட்டுவிட்டார்! நின்ற சைக்கிள் தடுமாறுமா? நிறுத்தி வைத்த மனம் தடுமாறுமா? நகர்ந்த காலுக்கும், நகரத் தொடங்கிய நெஞ்சுக்கும் நம் தமிழ் கொடுத்த பெயர் தடுமாற்றம்! அது வீழ்ச்சியின் பெயரா? இல்லை! இயக்கத்தின் பெயர்! எழுச்சியின் பெயர்!

மணி அடித்துவிட்டது. தாய்மார்கள் வரிசையில் மூன்றாவதாக முந்தானையால் முகத்தை மறைத்துச் சிரிக்கிறாரே, அவர்தான் செல்லியம்மாள். என்னம்மா? “பேசல்லாம் தெரியாதுபா” என்கிறீர்களா? எங்களுக்கு மட்டும் தெரியுமா? மேடைக்கு வாருங்கள். அம்மாவுக்கு வழி விடுங்கள், ஐயா!

அவர் வந்து சேர்வதற்குள், பொறுமை காத்த தலைவருக்கும், சிரித்த உங்களுக்கும், சொல் தந்த மன்றத்துக்கும் நன்றி கூறி இறங்குகிறேன். வாழிய தமிழ்! வணக்கம்!