இருபத்தேழு மணி நேரம் நான்கு நிமிடம்

அவைத் தலைமையேற்று, பொன்னாடையும் கையுமாகக் காத்திருக்கும் தியாகராய நகர் ஜவுளிக்கடை அதிபர் ராஜரத்தினம் அவர்களே! அதை ஏற்கத் தோளைத் தயாராக வைத்திருக்கும் கிண்டி புயல் எச்சரிக்கை அலுவலக அதிகாரி வேங்கடவரதன் அவர்களே! அடையாற்று முகத்துவாரக் குப்பத்துப் பெரியோர்களே! மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு மணலில் வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! முப்பத்தோராண்டு தந்திப் பொறிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற மேற்கு மாம்பலம் பொன்ராஜின் வணக்கம் உங்களுக்கு உரியது.

இன்று என்ன விழா? கிண்டி அலுவலகத்துக்குப் புதிய தந்திப் பொறி வந்த விழா! தில்லியில் கணக்குப் போட்டு அனுப்பும் புயல் கணிப்பு, பழைய பொறியில் பன்னிரண்டு நிமிடத்தில் வந்தது. புதிய பொறியில் நான்கே நிமிடம்! கைதட்டுங்கள் ஐயா! ஏன் தட்டவில்லை? ஓ, கிண்டிக்கு வந்த செய்தி இந்தக் குப்பத்துக்கு எப்போது வரும் என்று கேட்கிறீர்களா? அது பழைய கணக்குத்தான். இருபத்தேழு மணி நேரம்.

போன ஐப்பசியில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். வியாழன் காலை ஒன்பதரைக்குக் கிண்டியில் கணிப்பு கைக்கு வந்துவிட்டது. வெள்ளி விடியலில் அங்கமுத்து கட்டுமரம் தள்ளினான். வெள்ளி நண்பகலுக்குப் பிறகு சைக்கிளில் வந்தது எச்சரிக்கைச் செய்தி. மறுநாள் கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. அவன் மனைவி தேசம்மா இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

தாமதம் எங்கே என்று கண்டுபிடிக்கக் குழு போட்டார்கள். குழு என்ன சொன்னது? கம்பியில் உப்புக்காற்று படிந்திருக்கிறதாம்! அடடா, என்ன அறிவு, என்ன ஆராய்ச்சி! என்னையும் கூப்பிட்டார்கள். பொறியைத் திறந்தேன், திருகைத் துடைத்தேன், கிண்டியிலிருந்து சைதாப்பேட்டை வரை கம்பத்துக்குக் கம்பம் கம்பியைப் பார்த்தேன். பழுது இல்லை, பழுதின் நிழல்கூட இல்லை.

அப்புறம் செய்தி போகும் வழியிலேயே நானும் போனேன். பொறியை விட்டு இறங்கிய காகிதம் எழுத்தர் செண்பகத்தின் மேசைக்கு வருகிறது. அந்தப் பெண் அன்று என்ன செய்தாள் தெரியுமா? உயிர் போகிற சேதியாயிற்றே என்று பதறி, 'அவசரம்' என்ற சிவப்புச் சீட்டை ஒட்டினாள்.

"ஒட்டினதும் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"அவசரக் காகிதத்துல அதிகாரியே கையெழுத்துப் போடணும் சார். ஐயா கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டார். மறுநாள் பதினோரு மணிக்குத்தான் வந்தார்."

"சீட்டு ஒட்டாம இருந்தா?"

அவள் அழுதுவிட்டாள். "நானே பத்து மணித் தபால்ல அனுப்பியிருப்பேன் சார். அன்னிக்கு மத்தியானமே குப்பத்துக்குப் போயிருக்கும்."

கேட்டீர்களா! சாவகாசமான காகிதத்துக்குக் கால் உண்டு. அவசரமான காகிதத்துக்குப் பூட்டு உண்டு! எந்த நாட்டில் உண்டு இந்த நியாயம்? எந்தக் கடல் கும்பகோணத்துக் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்கும்? நெருப்புப் பிடித்த வீட்டில் தண்ணீர் ஊற்ற அனுமதி கேட்டு மனுப் போடுவீர்களா? என்னப்பா அங்கே? 'மெல்லப் பேசு' என்கிறாயா? மெல்லப் பேசித்தான் ஆறு மாதம் போயிற்று, உட்காரு. பொறி மாற்றினார்களே தவிர, அந்த விதியை யாரும் மாற்றவில்லை.

விதியை மாற்றும் ஆணையை நானே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரே வரி. 'புயல் எச்சரிக்கையை எழுத்தரே உடனே அனுப்பலாம்.' மேடை ஏறுமுன் அதிகாரி அவர்களிடம் நீட்டினேன். "திங்கட்கிழமை ஆபீசுக்குக் கொண்டாங்க, பார்க்கலாம்" என்றார்.

தேசம்மா, நீ எதற்கு எழுந்து நிற்கிறாய்? சொல்லு தாயி, உரக்கச் சொல்லு.

"எந்தம்பி குப்பன் நாளிக்கி விடிகாலைல கடலுக்குப் போறான். திங்கக்கெயம வரிக்கும் புயல் வராதுன்னு அந்த ஐயா எயுதிக் குடுப்பாரா, கேளு நைனா!"

கேட்டுவிட்டேன் தாயி. ஐயா, பேனாவை எடுக்கிறீர்களா? சட்டைப்பையில் இல்லையா? இதோ என் பேனா. காகிதம் உங்கள் முன்னே இருக்கிறது. வந்தோர்க்கு நன்றியும் இருந்து கேட்டோர்க்கு வணக்கமும் சொல்லி நான் இறங்க வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடுங்கள், சொல்லிவிட்டு இறங்குகிறேன். அதுவரை இந்த ஒலிபெருக்கியை விட்டு நகர மாட்டேன்.