மூக்கில்லாதவர்கள் என்று எழுதிய மன்றத்துக்கு

காலர் பித்தானைக்கூடக் கழற்றாமல் இந்தச் சுரங்கத் தொழிலாளர் மன்ற அவைக்குத் தலைமை தாங்கும் மதிப்புக்குரிய வில்ஃப்ரெட் ஹேக் அவர்களே, மன்றக் குறிப்பேட்டை மார்போடு அணைத்திருக்கும் செயலாளர் கிளிஃபோர்ட் ஓல்ட்ராய்ட் அவர்களே, நாற்பதாண்டு நிலக்கரியோடு மல்லுக்கட்டி இன்று முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ஞாயிற்றுக்கிழமை இறைச்சியை அடுப்பில் வேகவிட்டு வந்து, உட்கார நாற்காலியின்றிக் கதவோரம் நிற்கும் என் தாய்மார்களே! சுரங்க உணவகத்தில் பதினெட்டு ஆண்டுகள் உங்களுக்குத் தேநீர் ஊற்றிய மேபல் சக்டனின் வணக்கம்.

யாரது, "பொம்பளைக்கு இங்க என்ன பேச்சு"ன்னு முணுமுணுப்பது? ஐயா, விதிப்புத்தகத்தை நானும் படித்தேன். பெண்கள் வாக்களிக்கக் கூடாது என்றுதான் அதில் இருக்கிறது. வாய் திறக்கக் கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

சுரங்கத்துக்குள் புகைபிடிக்க முடியாத உங்களுக்கு மூக்குப்பொடிதான் துணை. ஆண்டுதோறும் ஷெஃபீல்டு மூக்குப்பொடி ஆலையிலிருந்து ஆறு மாதிரி டப்பாக்கள் இந்த மன்றத்துக்கு வருகின்றன. போட்டுப் பார்த்து நாலு வாசனையைப் பொறுக்குகிறீர்கள். அந்த நாலும் ஆண்டு முழுதும் இந்த மதுக்கூட மேசையில் இருக்கும். பொறுக்குவது யார்? ஆண்கள். நீங்கள் தும்மித் துப்பிய மேசையைத் துடைப்பது யார்? கதவோரம் நிற்கிறார்களே, அவர்கள்.

போன ஞாயிறு என் தோழி ஹில்டா லாக்வுட் ஒன்று கேட்டாள். சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் விளக்கறையில் வேலை பார்க்கிறாளே, அந்த ஹில்டாதான். நாங்களும் ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்கிறோம், எங்கள் விருப்பத்தையும் கணக்கில் எடுங்கள் என்றாள். செயலாளர் பெருந்தன்மையோடு சம்மதித்தார். அடடா, என்ன மனசு! ஆண்களுக்கு எப்படிக் கொடுத்தார்? முதலில் வாசனையில்லாத வெறும் பொடி, பிறகு ஆரஞ்சு, பிறகு வயலட் பூ, ரோஜா, கிராம்பு, கடைசியாக மெந்தால். பெண்கள் முறை வந்தது. முதல் டப்பா எது தெரியுமா? மெந்தால். அதுவும் பெரிய சிட்டிகை!

பொடி போடும் பெருமக்களே, உங்களைக் கேட்கிறேன். மெந்தால் ஏறிய மூக்கில் ரோஜா மணக்குமா? வயலட் வாசம் வருமா? வெங்காயத்தை வைத்தால்கூடத் தெரியுமா? ஹில்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேபல், மூக்கு மரத்துப் போச்சுடி, எது என்னன்னே தெரியல"ன்னாள். கிராம்பை ரோஜா என்றாள். சிரித்தீர்கள். நானும் கேட்டேன் அந்தச் சிரிப்பை.

ரோஜாவையும் அந்த நாலில் சேருங்கள் என்று நான் கேட்டதற்கு, அன்று செயலாளர் என்னிடம் சொன்னது இது: "ஏம்மா மேபல், ரோஜாவெல்லாம் குளிக்கிற சோப்பு வாசன. ஆம்பளை மூக்குக்கு ஆகாது, பொம்பளைக்கு மூக்கே இல்ல." சொன்னதோடு விட்டாரா? குறிப்பேட்டிலும் எழுதினார். "பெண்களுக்கு மூக்கில்லை, ஆகவே தேர்வில் இடமில்லை." அந்த வரியை இன்று நீங்கள் கைதூக்கி உறுதி செய்யப் போகிறீர்கள். உறுதி செய்தால் அது எங்கள் மகள்களுக்கும் விதியாகிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த மேடையில் ஏறினேன். இறங்கச் சொன்னாலும் இறங்க மாட்டேன்!

ரோஜா ஆம்பளை மூக்குக்கு ஆகாதாம். உணவகத்தில் பொடி விற்பவள் நான். எந்தச் சட்டைப்பையில் எந்த டப்பா போகிறதென்று எனக்குத் தெரியும். மூன்றாம் வரிசையில் ஏன் திடீரென்று இருமல்? பயப்படாதீர்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

மூக்கில்லாதவளா ஹில்டா? தீக்குச்சி கொண்டுபோகக் கூடாத சுரங்கத்தில் விளக்கை யார் கையிலிருந்து வாங்குகிறீர்கள்? இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு காலை, வரிசையில் வைத்த விளக்கொன்றில் எண்ணெய் கசியும் வாடை. பார்த்தவர்கள் சரியென்றார்கள். சோதித்த பொறியாளர் சரியென்றார். ஹில்டா மட்டும், "எனக்கு வாடை வருது, இந்த விளக்கைத் தர மாட்டேன்"ன்னாள். திட்டினார்கள், தரவில்லை. நேரமாகிறது என்றார்கள், தரவில்லை. பிரித்துப் பார்த்தால் அடியில் மயிரிழை விரிசல். அது, ஒரு பொறி பட்டாலே வெடிக்கும் எரிவாயு இருக்கும் இடத்துக்குப் போகவேண்டிய விளக்கு. உடன் இறங்கியவர்கள் இருபத்தாறு பேர்.

தலைவர் அவர்களே, அந்த விளக்கு உங்களுடையது.

நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். உங்களைக் குத்திக்காட்ட நான் வரவில்லை. எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். உயிரை நம்பிக் கொடுக்க எங்கள் மூக்கு வேண்டும், ஒரு சிட்டிகை பொடியைப் பொறுக்க மட்டும் எங்கள் மூக்கு வேண்டாமா? இது நியாயமா? இது இந்த மன்றத்துக்கு அழகா? கெஞ்சிக் கேட்டோம், சிரித்தீர்கள். இனிக் கெஞ்சுவதாக இல்லை!

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீட்டிய பொடி டப்பாவை யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் அவனோடு யாரும் பேச மாட்டார்கள். நீட்டும் கை ஆண் கையாக இருக்கவேண்டும் என்று எவனாவது சொல்லியிருக்கிறானா? இதோ, நீங்கள் தள்ளிவிட்ட ரோஜா. திறந்து நீட்டுகிறேன். இது ஹில்டா நீட்டுவது. கதவோரம் நிற்கும் அத்தனை பெண்களும் நீட்டுவது. எடுப்பவர் எங்கள் மூக்கை ஒப்புக்கொண்டவர். எடுக்காதவர் நாளைக் காலை விளக்கறை வாசலில் ஹில்டாவின் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்லட்டும்.

தலைவர் எடுத்துவிட்டார். நன்றி ஐயா. முன்வரிசைப் பெரியவர்களே, மெல்ல, மெல்ல, எல்லோருக்கும் இருக்கிறது. மூன்றாம் வரிசை எழுந்தே வருகிறது பாருங்கள்.

செயலாளர் அவர்களே, உங்கள் முறை. டப்பாவை நீட்டிக்கொண்டே நிற்கிறேன், எனக்குக் கை வலிக்காது. பதினெட்டு ஆண்டு தேநீர் கெட்டில் தூக்கிய கை இது. அவை பார்த்துக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டம்மாவும் கதவோரம் நின்று பார்க்கிறார்கள்.

எடுத்துவிட்டார்.

சிட்டிகை சிறிதென்றாலும் எடுத்துவிட்டார். தாய்மார்களே, உள்ளே வாருங்கள். பெரியோர்களே, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் முணுமுணுத்தவர்களுக்கும் என் நன்றி, என் வணக்கம். செயலாளர் அவர்களே, இதோ பேனா. அந்த வரியை உங்கள் கையாலேயே அடித்துவிடுங்கள்.