குறைந்தபட்சத் தகுதி

திருவரங்கத்துப் பெருமக்களே, ஓர் அநீதிக்குச் சாட்சியாக உங்களை அழைக்கிறேன். என் கணினிக்கு வயது பன்னிரண்டு. புதிதாக வந்த வீடியோ கேம் ஒன்றை அதில் ஏற்றினேன். ‘குறைந்தபட்சத் தகுதி இல்லை’ என்று திரை அறிவித்தது. தகுதி என்ற சொல்லைக் காட்டி எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தினார்கள் என்று மேடைதோறும் கேட்டவன் நான். வாளாவிருக்க முடியுமா?

விளையாட்டில் நிழல்களை நீக்கினேன். மரங்களின் இலைகளை நீக்கினேன். மனித முகங்கள் இட்லி மாவு போல் ஆயின. சமத்துவம் என்று ஏற்றுக்கொண்டேன். கணினியின் பக்கப் பலகையைக் கழற்றி, சமையலறையிலிருந்த டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அதற்குக் காற்று வீசச் செய்தேன். ஓடியது.

எஞ்சிய பகை எங்கள் அடுக்ககத்தின் லிஃப்ட். அது கிளம்பினால் மின்னழுத்தம் சரியும், கணினி அணையும். கோபுரத்தில் அடைபட்ட அறுபது அடிமைகளை நான் விடுவிக்கும் கட்டத்தில் மும்முறை அணைந்தது.

அந்த ஞாயிறு மாலை தில்லை நகரில் பெண் விடுதலை மாநாடு. பேசவிருந்தவர் என் மனைவி ராசாத்தி. அவருக்கு அது முதல் மேடை. ஃபேன் இல்லாத சமையலறையில் வியர்க்க வியர்க்கப் பேசிப் பழகியிருந்தார். “போயிட்டு வரேங்க” என்று கதவைச் சாத்தினார். நான் மொட்டைமாடிக்கு ஏறி லிஃப்டின் விசையை அணைத்துவிட்டு வந்து கணினி முன் அமர்ந்தேன். அவர் படியில் இறங்கியிருப்பார் என்று எண்ணினேன். எண்ணவில்லை என்றும் கூறலாம்.

“லிஃப்ட் நின்னுடுத்து. யாராவது இருக்கேளா?” லிஃப்டுக்குள்ளிருந்து மேல்வீட்டு ராஜகோபாலனின் குரல்.

“கொஞ்சம் பொறுங்க ஐயா. கோபுரம் ஏறிக்கிட்டிருக்கேன்.”

“நீங்கதான் கோயில் பக்கமே வரமாட்டேளே, எந்தக் கோபுரம்?”

உடனே இன்னொரு குரல். “ஏங்க, கரன்ட் போயிடுச்சா?”

“போயிடுச்சு” என்றேன். பொய்யன்று, லிஃப்டைப் பொறுத்தவரை போயிருந்தது.

“அப்ப குதிரை ஓடுற சத்தம் எப்படிங்க கேக்குது?”

கேள்வி கேட்கும் பெண்ணே நாட்டின் விடியல் என்று நானே துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். ஆயினும் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அறுபதின்மரும் விடுதலையாயினர். ஆற்றின் அக்கரையில் சேர்த்தால்தான் விளையாட்டு அதைப் பதிவுசெய்யும். அதற்குள் மாநாட்டுச் செயலாளர் இளவேனில் அழைத்தார். “ஐயா, அம்மா இன்னும் வரலீங்களே.”

லிஃப்டை இயக்கினால் கணினி அணையும். அறுபதின்மரும் மீண்டும் சிறைப்படுவர். இருவருக்காக அறுபது பேரைக் கைவிடுவது எவ்வகை நீதி? விளையாட்டை அப்படியே நிறுத்திவைத்து, படியிறங்கிச் சென்று, ராசாத்தியின் இடத்தில் நானே பேசினேன். தலைப்பு, ‘பெண்ணை அடைத்துவைப்பவன் யார்?’ நல்ல கைதட்டல்.

நான் திரும்புமுன் ராஜகோபாலனின் மகள் மைத்ரேயி கடையிலிருந்து வந்து விசையைப் போட்டுவிட்டார். ராசாத்தி லிஃப்டுக்குள்ளேயே தம் உரையை முழுவதும் ஆற்றினாராம். “ரொம்ப நன்னா பேசினா. நீங்க கேட்டிருக்கணும்” என்றார் ராஜகோபாலன். லிஃப்ட் கிளம்பியதும் என் கணினி அணைந்திருக்கும்.

இப்போது ராசாத்தி வீட்டை உள்ளே தாழிட்டிருக்கிறார். படிக்கட்டில் அமர்ந்து இதை எழுதுகிறேன். விசையை அணைத்தவன் நான். அறிந்தே போடாமல் சென்றவனும் நான். அதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

ஆனால், பெருமக்களே, திரண்டு வாருங்கள். இந்தக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே அறுபது பேர் அடைபட்டிருக்கிறார்கள். லிஃப்டில் மட்டும் வராதீர்கள்.