குக்கர் விசிலின் சுரம்

எங்கள் வீட்டுக் குக்கர் விசில் என்ன சுரம் என்பது எனக்கு வெகுகாலம் பிடிபடாத ஒரு சின்னக் கேள்வி, மேடம். பள்ளி பாண்டு வாத்தியக் குழுவுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து முப்பது வருஷம் ஆகிறது. விசில் வந்ததும் கீபோர்டுக்குப் போவேன். சரியான கட்டையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது அடங்கிவிடும்.

இளவரசி தேடவில்லை. அவள் அம்மா பொன்னி எங்கள் துவாரகா ஃபிளாட்டில் பாத்திரம் தேய்ப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளையும் கூட்டி வருவாள். இளவரசிக்கு அப்போது பதிமூன்று வயது. என் மகள் ஜ்யோத்ஸ்னாவுக்கு நான் டிரம்பெட் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் விசில் வந்தது.

"பி ஃப்ளாட் சார். அக்காவுக்கு மொதல்ல ஒண்ணு அடிச்சுக் காட்டுவீங்களே, அதே."

அடித்துப் பார்த்தேன். அதேதான்.

"பாகல் ஹை க்யா? பைத்தியமா நீ? குக்கர் பாடுமாம்ப்பா," என்று ஜ்யோத்ஸ்னா சிரித்தாள். அதன் பிறகு இளவரசியை 'குக்கர்' என்றே கூப்பிட்டாள்.

என் பழைய டிரம்பெட்டை இளவரசிக்கு நான்தான் கொடுத்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். எளிமையான கருவி அது. குழாய் நீண்டால் சுரம் இறங்கும், குறுகினால் ஏறும். மூன்று வால்வுகளும் அழுத்தும்போது கொஞ்சம் குழாயைக் கூட்டுகின்றன, அவ்வளவுதான். முன்னால் இருக்கும் ஸ்லைடை, அதாவது நகரும் குழாயை, இழுத்தால் மொத்த வாத்தியமும் சற்று இறங்கும். ஒரு தடவை சொன்னேன், புரிந்துகொண்டாள். ஜ்யோத்ஸ்னா ஏழு வருஷத்தில் வந்த இடத்துக்கு எட்டு மாதத்தில் வந்தாள்.

அப்போதுதான் உங்கள் இசைப்பள்ளியின் அறிவிப்பு வந்தது. டிரம்பெட்டுக்கு ஒரே இடம், தங்குமிடத்தோடு; தேர்வு அடுத்த வருஷம்.

"அவ அங்க சேந்துட்டா போதும் சார். என்னாட்டம் வீடு வீடா போவ வேணாம்," என்றாள் பொன்னி.

ஒரே இடம், என் வீட்டிலேயே இரண்டு பேர். ஒரு தகப்பனின் நிலைமை உங்களுக்குப் புரியும்.

கீபோர்டில் டியூன் என்று ஒரு வசதி உண்டு. அழுத்தினால் எல்லாக் கட்டைகளும் ஒரே அளவில் ஏறும் அல்லது இறங்கும். அரைச் சுரத்துக்கும் குறைவாக இறக்கினேன். ஜ்யோத்ஸ்னா எதையும் கவனிக்கவில்லை. ஸ்லைடை இழுத்துச் சேர்த்துக்கொண்டு ஊதினாள். சாதாரணக் காது பக்கத்துச் சுரத்தோடு ஒப்பிட்டுத்தான் கேட்கும். ஒவ்வொரு சுரமும் எங்கே இருக்கவேண்டும் என்று தானாகவே தெரிந்த காதுக்குத்தான் அது வலிக்கும். ஆகவே மற்ற யாருக்கும் இதனால் தீங்கில்லை.

"சார், கீபோர்டு எறங்கியிருக்கு."

"மெஷின் எப்படிம்மா இறங்கும்? உன் காதுதான் ஏறியிருக்கு."

அடுத்த வாரம் பழைய இடத்துக்கே ஏற்றிவைத்தேன்; சரி என்று அவள் சொன்னபோது தப்பு என்றேன். அதற்கடுத்த வாரம் மறுபடி இறக்கினேன். நான் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. "இன்னொரு தரம் கேளு, அவசரமே இல்லை," என்பேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். சில நாள் உதடு நடுங்கும். டிரம்பெட்டுக்கு அது நல்லதல்ல என்று எடுத்துச் சொல்வேன்.

ஜாஸ் வரலாறு எனக்குப் பிடித்த பாடம். நியூ ஆர்லியன்ஸ் கறுப்பின மக்கள் பாடிய சில சுரங்கள் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுந்தன. அவர்கள் பியானோவுக்காகத் தங்கள் காதை மாற்றிக்கொள்ளவில்லை. ப்ளூ நோட் என்று அதற்கே ஒரு பெயர் வந்தது. மாணவர்கள் முகம் மலரும் இடம் அது. இளவரசிக்கு மட்டும் அந்தப் பாடத்தை நான் எடுக்கவில்லை.

ஒரு நாள் பொன்னி கேட்டாள், "காதுல ஏதோ கோளாறாம் சார், அழுவுறா. டாக்டராண்ட காட்டவா?" காட்டச் சொன்னேன். நல்ல டாக்டராகப் பார்க்கச் சொன்னேன். "நீங்க இல்லன்னா யாரு சார் எங்களுக்கு," என்றாள்.

தேர்வு அன்று நீங்களும் இருந்தீர்கள். உங்கள் பியானோ சரியான சுருதியில் இருந்தது. ஜ்யோத்ஸ்னா அதோடு சேர்ந்து வாசித்தாள். இளவரசி பியானோவைக் கேட்டாள்; அது சரி என்று அவள் காது சொன்னது. தன் காது சரி என்று சொன்னால் அது தப்பு என்பதைப் பதினோரு மாதமாக என்னிடம் கற்றிருந்தாள். ஸ்லைடை வெளியே இழுத்தாள். முழுப் பாட்டையும், ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல், நான் கீபோர்டை இறக்கிய அதே அளவு இறக்கியே வாசித்தாள். 'இசைக்காது இல்லை' என்று எழுதியது நீங்கள், மேடம். நான் எதுவும் எழுதவில்லை.

இடம் கிடைத்த ஜ்யோத்ஸ்னா ஆறு வாரத்தில் போரடிக்கிறது என்று திரும்பி வந்துவிட்டாள். எனக்கு வருத்தமில்லை. வருத்தமில்லாதது எனக்கே சற்று ஆச்சரியமாகத்தான் இருந்தது.

இளவரசி இப்போது அம்மாவுடன் பாத்திரம் தேய்க்க வருகிறாள். இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருப்பாள். சத்தம் எதுவும் ஒத்துக்கொள்வதில்லையாம். போன ஞாயிறு குக்கர் விசில் வந்தபோது பஞ்சை எடுக்கச் சொல்லி, என்ன சுரம் என்று கேட்டேன்.

"தெரியல சார். நீங்களே சொல்லுங்க."

'சி' சுரம் என்று சொன்னேன். "அச்சா சார்," என்று தலையாட்டிவிட்டு மறுபடி பஞ்சை வைத்துக்கொண்டாள்.

என் சின்னக் கேள்வி அன்றைக்குத் தீர்ந்தது. விசில் என்ன சுரம் என்று எனக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. தெரிந்தவர் யாரும் வீட்டில் இல்லாமல் இருந்தால் போதும்.