பச்சை ஓலைக் குடிசை

— இந்தக் குட்டிக்குமா கண்ணு போச்சு, ராமுத்தாயி?

— போச்சுண்ணே. மஞ்ச எறும்பு மொய்ச்சு வெள்ளையாப் பூத்துப்போச்சு. தாய் ஆடு எங்க நிக்குதுன்னே தெரியாமக் கத்துது.

— மருந்து...

— இங்கன போட்டா அங்கன கெளம்புது. நீ காப்பியக் குடி.

— மாப்ள எங்க?

— முள்ளு வெட்டப் போயிருக்காரு. பக்கத்துத் தோப்பு செபஸ்தியாண்ணன் பாதைய அடைக்கணுமாம். எறும்பு அங்கருந்துதான் வந்துச்சாம். சாயந்திரம் ஊர்க்கூட்டம். நீயும் 'ஆமா'ன்னு சொல்லணுமாம்.

— சொல்லிட்டாப் போச்சு.

— அந்தாளு வீட்டுக்கு வேற பாதை இல்லண்ணே.

— அதுக்கு நாம என்ன செய்ய...

— காந்திகிராமத்துக் காலேசுல படிக்கிற புள்ள ஒண்ணு வந்து பாத்துச்சு. வெயில்ல காயுற மொட்டத் தரையத் தாண்டி இந்த எறும்பு வராதாம். நெழலும் ஈரமும் வேணுமாம். செபஸ்தியாண்ணன் தோப்புக்கும் நம்ம தோப்புக்கும் நடுவுல அம்புட்டும் தரிசுதான?

— அப்பப் பறந்தா வந்துச்சு?

— யாராச்சும் தழையோட, மண்ணோட கொண்டாந்திருக்கணுமாம்.

— படிக்கிற புள்ளைக ஆயிரம் சொல்லும்.

— ஒன் மலையடிவாரத் தோப்புல இருக்காண்ணே?

— ...அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு. அது கெடக்கட்டும். ஒம் மக சத்யா சடங்குக்கு நான் ஓலை கொண்டாந்து கட்டுன குடிசைய எரிச்சீகல்ல?

— இல்ல.

— கடைசி நாளு எரிக்கிறதுதான மொற...

— பச்ச ஓலை வீணாப் போகுதேன்னு இவரு ஆட்டுக் கொட்டாய் மேல போட்டுட்டாரு. ஒன் தோப்புல எறும்பு இருக்குன்னு தெரிஞ்சுமா அந்த ஓலையக் கொண்டாந்த?

— தாய்மாமன் வெறுங்கையோட வர முடியுமா, தாயி? ஒதறித்தான் கட்டுனேன். எப்படியும் எரிச்சிருவீகன்னு...

— அப்பக் கூட்டத்துல அதச் சொல்லு. செபஸ்தியாண்ணன் பாதையாச்சும் மிஞ்சும்.

— மாப்ள மூஞ்சில எப்படி முழிப்பேன்? நீ சொல்லேன். எறும்ப இப்பத்தான் ஓலையில பாத்தேன்னு...

— நான் எந்த வாயால சொல்ல? குடிசையில உக்காந்த அன்னைக்கே 'அம்மா, என்னமோ ஊறுது'ன்னா சத்யா. ஓலைய வெலக்கிப் பாத்தேன், முட்டையோட கெடந்துச்சு. எம் பொறந்த வீட்டுச் சீர மாமியா வீட்டுல பழிச்சிருவாகளேன்னு, அவ வாயப் பொத்துனவளே நாந்தாண்ணே.