குறிகட்டுவான் துறையில் போத்தலை மறித்த யூலியட் அம்மையாருக்கு

ஊர்காவற்றுறை ஈந்த உறுதியே, உப்புக் காற்றிலும் உலராத உள்ளமே, சாதாளைப் புல் படர்ந்த எங்கள் பரவைக் கடலுக்கும், அதில் மேயும் ஓரா மீனுக்கும், அம்மீனை நம்பி உலை வைக்கும் வீடுகளுக்கும் ஒருசேர வாதாடிய அன்புக்குரிய யூலியட் அம்மையாரே! தீவகக் கடல்வளக் காப்பு மன்றத்தின் களப்பணியில் தாங்கள் கால் வைத்த நாள் முதல் இணைப்பாளராக ஓய்வுபெற்று இளைப்பாறும் இந்நாள் வரை, இருபத்திரண்டு ஆண்டுகள் தங்களோடு வெயிலில் நின்றவர்களும் தங்களிடம் பேச்சு வாங்கியவர்களுமாகிய பணியாளர்கள் நாங்கள், நன்றி நிறைந்த நெஞ்சோடு இம்மடலைத் தங்கள் முன் வாசிக்கின்றோம்.

பொறுமையின் சிகரம் என்று எழுதுவது இத்தகைய மடல்களின் வழக்கம். தங்களுக்கு அதை எழுதினால் தாங்களே முதலில் சிரித்துவிடுவீர்கள். பொலித்தீன் தாளில் சுற்றிய சோற்றுப் பார்சலோடு அலுவலகப் படி ஏறிய எவரும் தங்கள் வாயிலிருந்து தப்பியதில்லை. “சோத்தை நீர் தின்பீர், தாளை ஆர் தின்னுறது? கடலாமையோ?” என்று கேட்டு அவரை அந்த இடத்திலேயே வேர்க்க வைப்பீர்கள். மறுநாள் அதே ஆளுக்கும் சேர்த்து வாழையிலையில் சோறு கட்டிக்கொண்டு வருவீர்கள். அந்தக் கோபத்துக்கும் அந்தச் சோற்றுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

காரைநகரில் கூட்டிய கூட்டங்களும், மண்கும்பான் கரையில் மாணவரோடு குனிந்து பொறுக்கிய குப்பையும் ஒருபுறம் இருக்கட்டும். தங்கள் பெயரைத் தீவெங்கும் கொண்டுசென்றது நயினாதீவு அம்மனின் ஆனித் திருவிழாதான். அங்கே போகக் குறிகட்டுவான் துறையில் படகேறும் அடியார்களிற் சிலர் வெறும் போத்தல்களைக் கடலில் எறிவார்கள். சோளகக் காற்று அவற்றைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாதாளைக்குள் சேர்க்கும். களங்கண்ணி வலை போட்டவர்கள் மீனை எதிர்பார்த்துப் பிளாஸ்ரிக்கைக் கொட்டினார்கள். மீன்குஞ்சு வளரும் இடம் குப்பைக் கிடங்கானால் தீவாருக்குக் கறி ஏது என்று கேட்டீர்கள். குறிகட்டுவான் துறையிலேயே போத்தலை மறிப்போம் என்றீர்கள்.

“வேதக்கார மனுசி எங்கட அம்மாளாச்சியின்ர திருவிழாவுக்குச் சட்டம் சொல்லுறாவோ?” என்று, தாங்கள் கிறிஸ்தவர் என்பதை வைத்துத் துறையில் ஒரு பேச்சு எழுந்தது. அது தங்களைச் சுட்டது. சுடவில்லை என்று பொய் சொல்லி இம்மடலை அழகுபடுத்த நாங்கள் விரும்பவில்லை.

அந்த ஆண்டுதான், இறுப்பிட்டியைச் சேர்ந்த வாகீசன் கனடாவிலிருந்து வந்து, காலமான தம் தந்தையார் இளையதம்பியின் நினைவாக அடியார்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் தானம் செய்தார். ஒவ்வொரு போத்தலிலும் தந்தையாரின் படம் ஒட்டியிருந்தது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்த அந்த மனத்தை எவரும் குறைசொல்ல முடியாது. ஆனால் தேர் முடிந்த மறுநாள், கரை நெடுக இளையதம்பியின் முகம் ஒதுங்கிக் கிடந்தது.

தாங்கள் சண்டைக்குப் புறப்படுவீர்கள் என்றே நினைத்தோம். தாங்களோ எங்களையும் கூட்டிக்கொண்டு முழங்கால் நீரில் இறங்கினீர்கள். அந்தப் போத்தல்களைப் பொறுக்கி, சேறு போகக் கழுவி, உரப்பைகளில் கட்டி, வாகீசனின் வீட்டு விறாந்தையில் கொண்டுபோய் வைத்தீர்கள்.

“தம்பி, ஐயா கடலுக்க கிடந்தவர். மிதிபட விட மனம் வரேல்லை, கொண்டுவந்தனான்” என்றீர்கள். வாகீசன் ஒரு போத்தலை எடுத்துப் படத்தைக் கையால் துடைத்தார். “அக்கா, இப்பிடி வருமெண்டு நான் யோசிக்கேல்லை” என்றபடி கதிரையில் இருந்துவிட்டார். தாங்களும் பக்கத்தில் இருந்து அழுதீர்கள். உரப்பைகளைச் சுமந்துவந்த நாங்களும் அழுதோம்.

அடுத்த ஆனியில் துறையில் தண்ணீர்த் தாங்கியும் குழாய்களும் சில்வர் பேணிகளும் வந்தன. தாங்கியில் இளையதம்பியின் பெயர் எழுதியிருந்தது. அதைக் கண்டு, தண்ணீர் தானம் செய்யும் மற்றக் குடும்பங்களும் போத்தலை விட்டுத் தாங்கிக்கு மாறின. வரிசையில் வருபவரின் பையைத் திறந்து பார்த்து, போத்தலை வாங்கி வைத்து, பேணியில் தண்ணீர் கொடுத்துப் படகேற்றும் வழக்கம் வந்தது. வலைகளில் ஓரா மீண்டும் ஏறத் தொடங்கியது. தாங்கள் தடுத்தது போத்தலைத்தான், தானத்தை அல்ல என்று முன்பு தங்களை ஏசியவர்களே இன்று சொல்கிறார்கள்.

இவ்வளவையும் வைத்துவிட்டுத் தாங்கள் போகிறீர்கள். எங்களுக்குப் பயமாக இருக்கிறது. போன கிழமை துறையில் ஒரு வியாபாரி, “யூலியட் அக்கா இளைப்பாறுறா. இந்தமுறை லொறியில போத்தல் இறக்குவம், இனி ஆர் கேக்கப்போகினம்?” என்று சொல்லிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்றவர் எங்கள் களப் பணியாளர் கம்சிகா. கூட்டங்களில் நன்றியுரை சொல்லவே கூச்சப்படுபவர். “நான் கேப்பன், அண்ணை. இறக்கினா நீங்கள்தான் திருப்பி ஏத்தவேண்டி வரும்” என்றார். அந்த லொறி வருமோ வராதோ தெரியாது. வந்தால், துறையில் நாங்கள் எல்லோரும் நிற்போம்.

அம்மையே, தாங்கள் வணங்கும் அந்தோனியாரும், தாங்கள் காத்த துறையின் அம்பாளும் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் நோவில்லாத முழங்கால்களையும் அருளட்டும். வைத்தியர் சொல்வதை ஒருமுறையாவது கேட்கும் மனத்தையும் சேர்த்தே அருளட்டும். பிளாஸ்ரிக் உறை போட்டால் வாங்கமாட்டீர்கள் என்று அறிந்து, இம்மடலை வேப்பமரச் சட்டத்தில் இட்டுத் தருகின்றோம்.

வருகிற ஆனியில் தாங்கள் கட்டளையிட அல்ல, அடியார்களோடு அடியாராக வரிசையில் வரவேண்டும். கம்சிகா தங்கள் பையையும் திறந்து பார்ப்பார்.

தங்களால் பழக்கப்பட்ட,
தீவகக் கடல்வளக் காப்பு மன்றப் பணியாளர்கள்,
ஊர்காவற்றுறை.